பன்னாட்டு உயர்கல்வி ஆய்வில் பேராசிரியர் வேலை: சேர்க்கை முதல் நியமனம் வரை

நாடு விட்டு நாடு போய்ப் படிக்கும் மாணவர்கள், கடல் கடந்து கிளை திறக்கும் பல்கலைக்கழகங்கள், ஒரு நாட்டுப் பட்டத்தை இன்னொரு நாடு ஏற்பதும் மறுப்பதும், தரவரிசைப் பட்டியல்கள்... இவற்றை ஆராய்ந்து, பாடம் நடத்தி, அதிலேயே பேராசிரியராகக் காலம் தள்ள முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் அதற்கான வழியை யாரும் ஓரிடத்தில் எழுதி வைக்கவில்லை. நான் அலைந்து தெரிந்துகொண்டதை, அடுத்து வருபவர்கள் அலையாமல் இருக்க வரிசையாக எழுதுகிறேன். கட்டணமும் விசா விதியும் மாறிக்கொண்டே இருப்பவை. இங்கே உள்ள தொகைகளைத் திட்டமிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; பணம் கட்டும் அன்று அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இது: இந்தத் துறைக்கென்று தனி வாசல் கிடையாது. "பன்னாட்டு உயர்கல்வி" என்று பெயர்ப்பலகை மாட்டிய இடங்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணலாம். மற்ற எல்லோரும் வேறொரு துறையின் வாசல் வழியாக உள்ளே போனவர்கள்தான். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஓர் உண்மையிலிருந்து வருபவை.

1. எந்த வாசல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலும் நான்கு வாசல்கள். கல்வியியல் புலத்தில் இருக்கும் உயர்கல்விப் பிரிவு ஒன்று. அமெரிக்காவில் வேலைகள் அதிகம் இங்கேதான். ஒப்பீட்டுக் கல்வி இரண்டாவது. கல்விக் கொள்கை, நிர்வாகம் மூன்றாவது. சமூகவியல், அரசியல், பொருளாதாரம், புவியியல் போன்ற தாய்த்துறைகள் நான்காவது. மாணவர் இடப்பெயர்வைப் புவியியலாளர்களும் சமூகவியலாளர்களும் நிறையவே ஆராய்கிறார்கள்.

எது உங்களுக்கு என்று யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டாம். சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் முன்பே, சில மாதங்களுக்கு வேலை விளம்பரங்களைச் சேகரியுங்கள். அமெரிக்காவுக்கு ஹையர்எட்ஜாப்ஸ், கிரானிக்கிள், பிரிட்டனுக்கு ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே, ஐரோப்பாவுக்கு யூராக்செஸ். இந்தத் தளங்கள் போதும். விளம்பரத்தைத் தலைப்போடு நிறுத்தாமல் வரிவரியாகப் படியுங்கள். "உதவிப் பேராசிரியர், உயர்கல்வி" என்றிருக்கும். முதல் பத்தியில் முதுகலை மாணவர்களுக்கும் பணியில் இருக்கும் நிர்வாகிகளுக்கும் பாடம் நடத்த வேண்டும் என்பார்கள். இரண்டாவது பத்தியில் நிதி, சட்டம், மாணவர் வளர்ச்சிக் கோட்பாடு, ஆய்வு முறையியல் என்று பாடப் பட்டியல் வரும். கடைசியில், "இருந்தால் நல்லது" என்ற தலைப்பின் கீழ் மூன்றாவதோ நான்காவதோ புள்ளியில் "பன்னாட்டுப் பார்வை" என்று ஒரு வரி. அந்த வரியை நம்பி விண்ணப்பிக்கிறவர்கள் மேலே உள்ள இரண்டு பத்திகளுக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வேலை அந்த இரண்டு பத்திகளுக்குத்தான். அந்தக் கடைசி வரி உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும், அவ்வளவே.

இப்படிச் சேர்த்த விளம்பரங்களில் எந்தப் பாடங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று குறித்துக்கொண்டால், முனைவர் படிப்பில் எந்தத் தாள்களை எடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

2. முதுகலை வேண்டுமா?

வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு உதவும். ஏற்கெனவே கல்வியியலிலோ சமூக அறிவியலிலோ ஆய்வு முறையியலுடன் முதுகலை முடித்தவர்கள் இன்னொன்றுக்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எடுப்பதென்றால் உதவித்தொகை உள்ளதை முதலில் பாருங்கள். ஆஸ்திரியாவின் கிரெம்ஸ், பின்லாந்தின் தம்பெரே, ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் முதலிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் மரிஹே என்ற இரண்டாண்டு முதுகலைப் படிப்பு, ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் எராஸ்மஸ் முண்டஸ் வகையைச் சேர்ந்தது. இந்த வகையில் முழு உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது. செலவுக்கு மாதம் 1,400 யூரோ கொடுப்பார்கள். எராஸ்மஸ் முண்டஸ் விண்ணப்பங்கள் பொதுவாக அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வரும், படிப்பு தொடங்குவது அடுத்த இலையுதிர் காலத்தில். அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரியில் பன்னாட்டு உயர்கல்விக்கென்றே முதுகலை இருக்கிறது. ஓஸ்லோ பல்கலைக்கழகத்திலும், லண்டன் யூசிஎல்லின் கல்வி நிறுவனத்திலும் நெருக்கமான படிப்புகள் உண்டு. கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். இந்தத் துறையின் தொடக்கச் சம்பளம் பெரிய கல்விக் கடனைத் தாங்காது.

3. முனைவர் படிப்பு: நெறியாளரும் பணமும்

ஆய்வு மையங்களிலிருந்து தேடத் தொடங்குவது நல்லது. பாஸ்டன் கல்லூரியில் பிலிப் ஆல்ட்பாக் 1995-இல் தொடங்கிய பன்னாட்டு உயர்கல்வி மையம், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள செப்ஸ் மையம், ஜெர்மனியின் காசல் நகரில் இன்சர் மையம், ஆக்ஸ்போர்டில் சைமன் மார்ஜின்சன் தலைமையில் வளர்ந்த உலக உயர்கல்வி மையம், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன், ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகங்களில் உள்ள உயர்கல்வி ஆய்வு மையங்கள். இங்கிருந்து வரும் கட்டுரைகளின் ஆசிரியர்களைப் பாருங்கள். அவர்களிடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதையும் பாருங்கள். நெறியாளரின் புகழைவிட இந்த இரண்டாவது கேள்விக்கான பதில் முக்கியம். பெயர்பெற்ற பலர் ஓய்வுக்கு அருகில் இருப்பவர்கள். "அடுத்த ஐந்து ஆண்டுகள் இங்கேயே இருப்பீர்களா?" என்று முதல் காணொலிச் சந்திப்பிலேயே மரியாதையாகக் கேட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பட்டத்தின் வகையில் ஒரு பொறி உண்டு. கல்வியியலில் பிஎச்.டி. தவிர எட்.டி. என்று இன்னொரு முனைவர் பட்டம் இருக்கிறது. அது பெரும்பாலும் பணியில் இருப்பவர்களுக்கானது, பகுதிநேரம், உதவித்தொகை அபூர்வம். பல்கலைக்கழக நிர்வாகத்தில் உயர விரும்புபவர்களுக்கு அது நல்ல பட்டம்தான். ஆனால் ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் பிஎச்.டி.யை எடுங்கள்.

பண விஷயம் நாட்டுக்கு நாடு வேறு.

அமெரிக்காவில் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். முழுநேர மாணவர்களில் பலருக்கு ஆய்வு அல்லது கற்பித்தல் உதவியாளர் பணி கிடைக்கும். அதோடு கல்விக் கட்டண விலக்கும் வரும். சேர்க்கைக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்கின்றனவா பாருங்கள்: எத்தனை ஆண்டுகளுக்கு உத்தரவாதம், உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, கல்விக் கட்டணம் போக "இதர கட்டணம்" எவ்வளவு. ஒன்பது மாத உதவித்தொகையை ஆண்டு வருமானம் என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் கோடையிலேயே திண்டாடுகிறார்கள். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் ஒன்றாம் தேதியை ஒட்டி. உதவித்தொகையுடன் இடம் கிடைத்தால், இதற்கான பொது உடன்பாட்டில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் 15 வரை யோசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு முன்பே பதில் சொல்லச் சொல்லி அவசரப்படுத்தினால் அந்தத் தேதியை நினைவூட்டுங்கள்.

பிரிட்டனில் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆனால் உதவித்தொகை இல்லாமல் "இடம்" மட்டும் தருவது அங்கே சகஜம். இடம் கிடைத்ததும் கொண்டாடிவிடாதீர்கள், பணம் கிடைக்கும் வரை காத்திருங்கள். அரசின் ஆய்வு மன்றங்கள் தரும் இடங்களில் அதிகபட்சம் 30 சதவீதம் வெளிநாட்டவருக்குப் போகலாம். அதற்கான உள்கெடு சேர்க்கைக் கெடுவுக்கு முன்பே முடிந்துவிடுவது உண்டு. ஜெர்மனியில் முனைவர் ஆய்வு பெரும்பாலும் ஒரு வேலை: டிவி-எல் இ13 என்ற அரசுப் பணி ஊதிய நிலையில், முழுநேரத்தில் 50 அல்லது 65 சதவீதப் பணி. கல்விக் கட்டணம் பொதுவாகக் கிடையாது. அதற்கு மாணவர் சேர்க்கைப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது, வேலைவாய்ப்புப் பக்கத்தில் தேட வேண்டும்.

4. ஆவணங்கள்: சேர்க்கைக்கு ஓராண்டு முன்பே தொடங்குங்கள்

அதிகப் பேர் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதிப்பெண் பட்டியல். சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தின்போது ஸ்கேன் செய்த நகலே போதும் என்பார்கள், இடம் கிடைத்த பிறகு மூலத்தைக் கேட்பார்கள். சில, நீங்கள் படித்த பல்கலைக்கழகமே உறையில் போட்டு முத்திரையிட்டு நேரடியாக அனுப்ப வேண்டும் என்பார்கள். நான் படித்த இடத்தின் தேர்வுப் பிரிவு அனுப்பிய உறையில் பட்டியல் சரியாக இருந்தது, கையெழுத்து இருந்தது. உறையை ஒட்டிய மடிப்பின் மேல் முத்திரை இல்லை. அதனாலேயே நான் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் திருப்பிவிட்டது. தேர்வுப் பிரிவில் மறுபடி பேசியபோது, "உறைமேல் எல்லாம் முத்திரை வைக்கும் வழக்கமே இல்லையே" என்றார்கள். எனவே கேட்கும் பல்கலைக்கழகத்தின் விதியை அச்சடித்துக் கையோடு கொண்டுபோய் மேசையில் வையுங்கள். மடிப்பைச் சுட்டிக் காட்டி, உங்கள் கண்முன்னே முத்திரை வைக்கச் சொல்லுங்கள். கூடுதலாக இரண்டு மூன்று உறைகள் வாங்கிக்கொள்ளுங்கள். திறக்காமல் வையுங்கள், திறந்தால் செல்லாது.

பெயர். கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, பட்டத்தில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து மட்டும் என்று இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள், அல்லது இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். ஆய்விதழ்களிலும் அதே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்சிட் எண் இலவசம், ஐந்து நிமிட வேலை, இன்றே எடுத்துவிடலாம்.

அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு, சமநிலைச் சான்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சேர்க்கைக்கு இல்லாவிட்டாலும் வேலைக்கோ விசாவுக்கோ பட்டத்தின் மேல் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக உங்கள் அரசு தரும் சான்று) கேட்பார்கள். உங்கள் நாடு அப்போஸ்டிலுக்கான 1961 ஹேக் உடன்படிக்கையில் இல்லையென்றால் தூதரகச் சான்று வேண்டியிருக்கும். அது இன்னும் நாள் பிடிக்கும். அப்போஸ்டிலை முதலில் வாங்கி, பிறகு அதையும் சேர்த்து மொழிபெயர்க்கக் கொடுங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை பணம். அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்கள் சில வெஸ் போன்ற பட்ட மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கும். கேட்காத இடத்துக்கு நீங்களாக அனுப்பாதீர்கள், வீண் செலவு. ஜெர்மனிக்கு, வெளிநாட்டுப் பட்டங்களைப் பட்டியலிடும் அனாபின் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், அது இலவசம்.

மொழித்தேர்வு. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ரொம்ப முன்பே எழுதிவிட்டால், ஓராண்டு சேர்க்கை தள்ளிப்போகும்போது காலாவதியாகிவிடும். ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கு விலக்கு உண்டா என்று கேளுங்கள். இணையதளத்தில் போடாமல் கேட்டால் மட்டும் தரும் இடங்களும் உண்டு. ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வைப் பல கல்வியியல் புலங்கள் இப்போது கேட்பதில்லை.

பரிந்துரைக் கடிதம். மூன்று பேர். உங்கள் எழுத்தைப் படித்த மூன்று பேர், பதவி பெரிதாக உள்ள மூன்று பேர் அல்ல. துணைவேந்தர் எழுதிய நாலு வரிக் கடிதத்தைவிட, உங்கள் ஆய்வேட்டைத் திருத்திய விரிவுரையாளரின் ஒரு பக்கக் கடிதம் வேலை செய்யும். குறைந்தது ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கடிதம் பதிவேற்றும் இணைப்பு அவர்களின் மின்னஞ்சலுக்குப் போகும், பெரும்பாலும் ஸ்பேம் பெட்டிக்குள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

ஆய்வு முன்மொழிவு. அமெரிக்காவில் ஆர்வத்தையும் பொருத்தத்தையும் சொல்லும் இரண்டு பக்கம் போதும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் முழு முன்மொழிவு கேட்பார்கள்: கேள்வி, தரவு, முறை, கால அட்டவணை. ஒன்றையே இரண்டு இடத்துக்கும் அனுப்பினால் இரண்டிலும் எடுபடாது.

5. விசா: படிக்கும்போதே வேலைக்காலத்தை நினைத்து எடுங்கள்

எப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர். ஃபுல்பிரைட் போன்ற அரசு உதவித்தொகையில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போனால், முடித்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொள்ளும். அதை முடிக்கும் வரை அல்லது விலக்கு வாங்கும் வரை எச்-1பி வேலை விசாவோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ கிடைக்காது. நல்ல உதவித்தொகைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்தே கையெழுத்துப் போடுங்கள்.

பிரிட்டனில் மாணவர்களுக்கு மருத்துவ மேல்கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, மொத்தக் காலத்துக்கும் விசா விண்ணப்பத்தின்போதே கட்ட வேண்டும். நான்கு ஆண்டென்றால் 3,100 பவுண்டுக்கு மேல் ஒரே நாளில். உதவித்தொகையின் முதல் தவணை வருவது அங்கே போன பிறகு. இந்தப் பணத்தை அதற்கு முன்பே புரட்டியாக வேண்டும். ஜெர்மனிக்கு மாணவராகப் போனால், மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். போதுமான சம்பளத்துடன் வேலை ஒப்பந்தம் இருந்தால் அது தேவையில்லை.

6. தரவும் நெறிமுறை அனுமதியும்

பன்னாட்டு உயர்கல்வியை ஆராய்பவர்களின் தலைவலி, எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாது என்பதுதான். 2023/24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 11,26,690 வெளிநாட்டு மாணவர்கள் என்று அங்கே ஆண்டுதோறும் வெளியாகும் ஓப்பன் டோர்ஸ் அறிக்கை சொல்கிறது. அதில் 2,42,782 பேர் படிப்பை முடித்துவிட்டு, மாணவர் விசாவிலேயே வேலைப் பயிற்சியில் இருப்பவர்கள். ஆஸ்திரேலிய அரசின் புள்ளிவிவரத்தில் பதிவுகளின் எண்ணிக்கை வேறு, தலைகளின் எண்ணிக்கை வேறு. மொழிப் படிப்பு முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஒருவர் பதிவுக் கணக்கில் இரண்டாக வருவார். பிரிட்டன், மாணவர் படிக்க வரும் முன் வசித்த இடத்தை வைத்து எண்ணுகிறது. ஜெர்மனி, அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்த வெளிநாட்டுக் குடிமக்களைத் தனியாகப் பிரிக்கிறது. இவற்றை ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து "அமெரிக்கா முதலிடம்" என்று எழுதினால், படித்த தேர்வாளர் முதல் கேள்வியிலேயே நிறுத்திவிடுவார். அட்டவணைக்கு முன்னால் ஒரு கோப்பு தொடங்குங்கள்: எந்த எண், யார் எண்ணியது, யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், எந்தத் தேதி நிலவரம். ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம் அல்லது ஓஇசிடி (வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) தரவு மட்டும்; அதிலும் அடிக்குறிப்புகளோடு.

நேர்காணல் செய்யப் போகிறீர்களா? உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, நீங்கள் போகும் நாட்டின் நிறுவனத்திலும் அனுமதி தேவைப்படலாம். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று மாதம் ஒதுக்குங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். ஐரோப்பாவில் உள்ளவர்களின் பேட்டி என்றால் தரவுப் பாதுகாப்பு விதிப்படி பதிவுகளை எங்கே சேமிப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று எழுதித் தர வேண்டும். மாணவர் விசா நிலை, கடன், புகார் போன்றவற்றைப் பற்றிக் கேட்டால் பேட்டி தருபவருக்கே ஆபத்து வரலாம். படிவத்தில் குழு முதலில் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான்.

7. எங்கே எழுதுவது

ஹையர் எஜுகேஷன், ஸ்டடீஸ் இன் ஹையர் எஜுகேஷன், ஜர்னல் ஆஃப் ஸ்டடீஸ் இன் இன்டர்நேஷனல் எஜுகேஷன், கம்பேரடிவ் எஜுகேஷன் ரிவ்யூ, கம்பேர். வேலைக்குழுவில் உட்காருபவர்களுக்குப் பரிச்சயமான இதழ்கள் இவை. பாஸ்டன் கல்லூரி மையத்தின் இன்டர்நேஷனல் ஹையர் எஜுகேஷன் சிறு கட்டுரைகளை வெளியிடுவது. பேர் தெரிய உதவும், ஆனால் அதை ஆய்வுக் கட்டுரையாக யாரும் எண்ண மாட்டார்கள்.

முதல் கட்டுரையை முனைவர் படிப்பின் இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் அனுப்பிவிடுங்கள். மதிப்புரை, திருத்தம், மறு மதிப்புரை என்று ஓராண்டு ஓடிவிடும். வேலை தேடும்போது "அனுப்பியுள்ளேன்" என்பதற்கும் "ஏற்கப்பட்டது" என்பதற்கும் நிறைய தூரம். மேலே சொன்ன இதழ்களில் சந்தா வழியில் வெளியிடக் கட்டணம் கிடையாது. யாரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்த அணுக்கம் வேண்டுமென்றால் 3,000 டாலருக்கு மேல்கூடக் கேட்பார்கள். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் இருந்தால் நீங்கள் கட்ட வேண்டியதில்லை, நூலகரைக் கேளுங்கள். "ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம்" என்று தானாக மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பக்கம் போகவே வேண்டாம். தன்விவரக் குறிப்பில் அப்படி ஒன்று இருந்தால் மற்ற கட்டுரைகளின் மதிப்பையும் அது கெடுக்கும்.

8. மாநாடுகள்

எல்லாவற்றுக்கும் போனால் பணமும் மிஞ்சாது, நேரமும் மிஞ்சாது. ஆண்டுக்கு ஒன்று போதும், உங்கள் வாசலைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். ஒப்பீட்டுக் கல்வி என்றால் சிஐஇஎஸ் சங்கத்தின் மாநாடு, பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில். அமெரிக்க உயர்கல்விப் பிரிவு என்றால் நவம்பரில் நடக்கும் ஆஷ். அதில் பன்னாட்டு ஆய்வாளர்களுக்கு மாநாட்டுக்கு முந்தைய அமர்வு தனியாக உண்டு, கூட்டம் குறைவு, பேச வாய்ப்பு அதிகம். பிரிட்டனில் டிசம்பரில் எஸ்ஆர்எச்இ, ஐரோப்பாவில் செர். நாஃப்சாவும் ஈஏஐஇயும் பெரியவை, ஆனால் அவை பல்கலைக்கழகங்களின் பன்னாட்டு அலுவலக ஊழியர்களுக்கானவை, பதிவுக் கட்டணமும் அதிகம். பேராசிரியர் வேலைக்கு அவை தேவையில்லை.

ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் கெடு, மாநாட்டுக்கு ஐந்தாறு மாதம் முன்பே வந்துவிடும். சுருக்கம் ஏற்கப்பட்ட அன்றே அழைப்புக் கடிதம் கேட்டு விசாவுக்கு விண்ணப்பியுங்கள். பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா, இணையவழியில் பேச விடுவார்களா? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

9. பாடம் நடத்திய சான்று

ஆய்வை மட்டும் பார்த்துக்கொண்டு கற்பித்தலைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். உதவியாளராக இருந்தது ஒன்று, முழுப் பாடத்தையும் தனியாக நடத்தியது இன்னொன்று. குறைந்தது ஒரு முறையாவது இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். பிரிட்டனில் வேலை தேடுவதானால் அட்வான்ஸ் எச்இ அமைப்பின் அசோசியேட் ஃபெலோ என்ற கற்பித்தல் தகுதியை மாணவராக இருக்கும்போதே பல்கலைக்கழகத்தின் வழியே எடுக்க முடியும், பெரும்பாலும் இலவசமாகவே.

இரண்டு பாடத்திட்டங்கள் எழுதி வையுங்கள். ஒன்று உங்கள் துறையில். இன்னொன்று யாருக்கும் பிடிக்காத, ஆனால் எல்லாத் துறையும் ஆள் தேடும் பொதுப் பாடத்தில்: உயர்கல்வி நிதி, ஆளுகை, முறையியல். நேர்காணலில் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். அடிப்படைகளில் தடுமாறக் கூடாது. உயர்கல்வியில் சேர்பவர்களின் விகிதத்துக்கு மார்ட்டின் ட்ரோ 1973-இல் சொன்ன 15, 50 சதவீத எல்லைகள், அரசு, சந்தை, கல்வியாளர்கள் என்ற பர்ட்டன் கிளார்க்கின் 1983 முக்கோணம், ஜேன் நைட் 2003-இல் தந்த பன்னாட்டுமயமாதல் வரையறை, அதை 2015-இல் ஹன்ஸ் டி விட் குழு மாற்றியது ஏன் என்பது வரை, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்தில் விளக்கி, அதிலேயே ஒரு குறையும் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

10. வேலைச் சந்தை

அமெரிக்காவில் விளம்பரம் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை, காணொலி நேர்காணல் அதையடுத்து, வளாக வருகை ஜனவரி முதல் மார்ச் வரை, பணியில் சேர்வது அடுத்த ஆகஸ்ட். ஆய்வேடு முடியும் ஆண்டின் ஆகஸ்டிலேயே ஆவணங்கள் தயாராக இருக்க வேண்டும் என்று அர்த்தம்: விண்ணப்பக் கடிதம், தன்விவரக் குறிப்பு, ஆய்வு அறிக்கை, கற்பித்தல் அறிக்கை, எழுத்து மாதிரி, மூன்று பரிந்துரைகள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பருவம் கிடையாது, ஆண்டு முழுக்க வரும். விளம்பரத்துக்கும் கெடுவுக்கும் இடையில் மூன்று நான்கு வாரம்தான். பிரிட்டனில் "அவசியம்", "விரும்பத்தக்கது" என்று தகுதிப் பட்டியல் தருவார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அதே வரிசையில் பதில் எழுதுங்கள். அழகாக எழுதி ஒரு புள்ளியை விட்டால் முதல் சுற்றிலேயே வெளியே.

உடனே பேராசிரியர் வேலை கிடைப்பது குறைவு, இடையில் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) வரும். ஐரோப்பாவின் மேரி கியூரி நிதிநல்கைக்கு முனைவர் பட்டம் பெற்று எட்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஆகவே பிடித்த நாட்டில் குறுகிய காலப் பணி ஒன்றைத் தொடங்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். ஜெர்மனியில் தற்காலிக ஆய்வுப் பணிக்கு முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு, பின் ஆறு ஆண்டுகள் என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் படித்தவர்களுக்கு இன்னொரு நெருக்கடி: உயர்கல்வித் துறைப் பட்டம் பொதுவாக அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் பட்டியலில் வராது. எனவே படிப்புக்குப் பின் வேலை அனுமதி 12 மாதம் மட்டும். பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி எண்ணிக்கை வரம்பு கிடையாது என்பது நல்ல செய்தி. ஆனால் 2025 செப்டம்பர் அறிவிப்பின்படி வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கான மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் சேர்ந்திருப்பதால், வெளியே இருப்பவரை எடுக்கத் துறைகள் தயங்குகின்றன. பிரிட்டனில் முனைவர் முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டு பட்டதாரி விசா உண்டு. அதிலிருந்தபடியே தேடுவது எளிது.

இதற்கிடையில் பன்னாட்டு அலுவலகங்கள், பட்ட மதிப்பீட்டு மையங்கள், ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், பிரிட்டிஷ் கவுன்சில், ஓஇசிடி போன்ற இடங்களில் வேலை வந்தால் ஒதுக்க வேண்டாம். அங்கே இருந்துகொண்டே ஆண்டுக்கு ஒரு கட்டுரை வெளியிடுகிறவர்கள் திரும்ப வருவதைப் பார்த்திருக்கிறேன். எழுதுவதை நிறுத்தியவர்கள் வருவதில்லை.

11. நியமனக் கடிதம் வந்ததும்

உடனே "சரி" என்று பதில் போடாதீர்கள். நன்றி சொல்லி ஒரு வாரம் கேளுங்கள், கொடுப்பார்கள். அமெரிக்காவில் சம்பளம் ஒன்பது மாதக் கணக்கா என்று பாருங்கள். முதல் ஆண்டு எத்தனை பாடம், அதில் புதிதாகத் தயாரிக்க வேண்டியவை எத்தனை என்று கேளுங்கள். வெளிநாட்டுத் தரவு சேகரிப்புக்குப் பயண நிதி கேட்பதென்றால் இப்போதுதான் கேட்க முடியும். சேர்ந்த பிறகு கேட்டால் பொது வரிசையில் நிற்க வேண்டியதுதான். நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு ஆதரவு தருவார்களா என்பதையும் கடிதத்தில் எழுத வையுங்கள்: அமெரிக்காவில் கற்பித்தல் பணிக்கான சிறப்பு வழியில், உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் பல்கலைக்கழகம் மனு போட்டாக வேண்டும். தவறினால் விளம்பரம், நேர்காணல் எல்லாம் முதலிலிருந்து. சேர்ந்த முதல் மாதமே மனிதவளப் பிரிவில் அந்தத் தேதியைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் பணம். இடமாற்றச் செலவு பெரும்பாலும் ரசீது காட்டிய பிறகுதான் வரும், முதல் சம்பளம் சேர்ந்த மாத இறுதியில் அல்லது அதற்கடுத்த மாதம். மாணவர் உதவித்தொகை நின்று இந்தச் சம்பளம் வரும்வரை உள்ள இடைவெளிக்கு, விமானச் சீட்டு, வீட்டு முன்பணம், குடும்பத்தின் விசா எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு இரண்டு மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணமாகத் தர முடியுமா என்று துறைச் செயலரிடம் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அதற்கென்று ஒரு படிவமே இருக்கிறது, கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.